லைன் வீடும் தனி வீடும்

கணியூர் என்றதும் உங்களுக்கு டோல்கேட்தான் ஞாபகம் வரும். அவிநாசி தாண்டி கோவை போகிற வழியில் பாதித் தூக்கத்தில் கண் விழித்து, 'எங்கப்பா வந்திருக்கோம்?' என்று கேட்டால் டிரைவர் 'கணியூர் டோல்' என்பாரே, அந்தக் கணியூர். (மடத்துக்குளம் பக்கத்தில் இன்னொரு கணியூர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) டோல்கேட் கணியூரில் என் அத்தை மகன் ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பெரிசாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 140 பேர். கம்பெனிக்குப் பின்னால் அவர் அப்பா காலத்து ஓட்டு லைன் வீடு, பத்து வாசல். ஆட்களில் சில குடும்பங்கள் அங்கேயே குடியிருக்கின்றன.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பல வருஷம் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் இலவச ஆலோசனை கேட்பது சொந்தக்காரர்களின் பிறப்புரிமை. மேஜை மேல் இரண்டு கொட்டேஷன்.

கம்பெனியின் கணக்கு, ஆட்களின் சம்பளம், ஒவ்வொரு ஸ்டைலுக்கும் போடுகிற காஸ்டிங் ஷீட் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில், யாரோ ஒருவரின் சர்வரில் வைத்துப் பராமரிக்கிற திட்டம். முதல் கொட்டேஷனில் 'கன்டெய்னர்' என்று போட்டு மாதம் 3,800 ரூபாய். இரண்டாவதில் 'விர்ச்சுவல் மெஷின்' என்று போட்டு 8,000.

''மாப்ளே, இதுல எது சேஃப்டிங்க?'' என்றார். பதிலுக்குக் காத்திராமல் அவரே தீர்ப்பும் சொன்னார். ''கன்டெய்னர்னா நமக்குத் தெரியாதுங்களா? இரும்புப் பொட்டி. சீல் வெச்சு அனுப்பிச்சா ஹாம்பர்க் போய்ச் சேர்ற வரைக்கும் ஒருத்தன் தொட முடியாது. வெலையும் கம்மி. அந்த இன்னொண்ணு பேருக்கு 'இருக்கற மாதிரி தெரியும், ஆனா இல்லை'ன்னு அர்த்தமாமே? பையன் சொன்னான். இல்லாத மெஷினுக்கு எட்டாயிரமா?''

நான் சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் மச்சான் மேல் தப்பில்லை. அந்தப் பெயரை வைத்தவர்கள் மேல்தான் தப்பு. 1956ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 இரும்புப் பெட்டிகளை நெவார்க் துறைமுகத்தில் ஒரு கப்பலில் ஏற்றி ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் அன்றைக்கு ஆரம்பம். அவருடைய கவலை திருட்டைவிட ஏற்றுக்கூலி, இறக்குக்கூலிதான். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே ஒரே அளவுப் பெட்டி. கப்பல், ரயில், லாரி எதிலும் பொருந்தும். சாஃப்ட்வேர்க்காரர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதும் இந்தக் காரணத்துக்காகத்தான். ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய துக்கடாக்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி எந்த மெஷினிலும் இறக்கி ஓட்டலாம். சுமப்பதற்காக வந்த சமாசாரம் அது. பூட்டுவதற்காக வந்ததில்லை.

மச்சான் இவ்வளவு கவலைப்படுவதற்கு ஒரு பழைய கதை உண்டு. போன வருஷம் வேறு ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தார். ஒருநாள் காலை மருமகன் சம்பள ஷீட்டைத் திறந்தால் யார் யாரோ பெயர்கள். வேறொரு கம்பெனியின் ஆட்கள். பீஸ் ரேட், பேங்க் அக்கவுண்ட் நம்பர் சகிதம். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. போன் போட்டுக் கேட்டதற்கு, 'சின்ன டெக்னிக்கல் எரர் சார்' என்றார்களாம். மச்சான் அன்றிரவு தூங்கவில்லை. அவனுடையது எனக்குத் தெரிந்தால், என்னுடையது எவனுக்குத் தெரிந்தது? திருப்பூர் வட்டாரத்தில் ஒரே பையருக்குப் பத்து கம்பெனி ரேட் கொடுக்கும். ஒரு பீஸுக்குப் பத்து பைசா முன்னே பின்னே ஆர்டர் கை மாறும். அடுத்தவனின் காஸ்டிங் ஷீட் தெரிந்தால் வேறெதுவும் வேண்டாம்.

உங்களுக்கும் இந்தக் கவலை இருக்க வேண்டும். உங்கள் டாக்டரின் ரிப்போர்ட்டும், பையனின் ஸ்கூல் ஃபீஸும், கூட்டுறவு பேங்க் கணக்கும் இன்றைக்கு யாரோ ஒருவரின் சர்வரில், முகம் தெரியாத பலருடைய சரக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நடுவில் என்ன சுவர் என்பதுதான் கேள்வி.

மச்சானுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஜன்னலுக்கு வெளியே லைன் வீடு தெரிந்ததால் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது.

ஒரு மெஷினில் பல பேரைக் குடிவைப்பதில் மூன்று வகை. முதல் வகை, ஒரே ஹாலில் பாய் போட்டுப் படுப்பது. ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ், எல்லாக் கம்பெனிக் கணக்கும் அதற்குள். 'இந்த வரி இவனுடையது, அந்த வரி அவனுடையது' என்று புரோகிராம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு இடத்தில் மறந்தால் உங்கள் போர்வையை அடுத்தவர் போர்த்திக்கொள்வார். மச்சானுக்குப் போன வருஷம் நடந்தது அநேகமாக இதுதான். இதற்கு கன்டெய்னரும் மருந்தில்லை, விர்ச்சுவல் மெஷினும் மருந்தில்லை. ஹாலைச் சுற்றி எவ்வளவு பெரிய மதில் கட்டினாலும் உள்ளே பாய் பாய்தான்.

இரண்டாவது வகை லைன் வீடு. அதுதான் கன்டெய்னர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனி அடுப்பு. ஆனால் ஒரே கூரை. கம்ப்யூட்டரில் அந்தக் கூரைக்கு 'கெர்னல்' என்று பெயர். ஒரு ஃபைலைத் திறக்க வேண்டுமா, நெட்வொர்க்கில் ஒரு சேதி அனுப்ப வேண்டுமா, எந்தப் புரோகிராமும் தானாகச் செய்ய முடியாது. கெர்னலிடம் விண்ணப்பம் போட வேண்டும். லினக்ஸ் கெர்னலில் இப்படி விண்ணப்ப வகைகள் 300க்கு மேல். கன்டெய்னருக்குள் இருக்கிற புரோகிராமுக்குத் தான் தனி மெஷினில் இருப்பதாகத்தான் தோன்றும். அடுத்த வாசல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பத்து வாசல் விண்ணப்பத்தையும் வாங்குவது ஒரே கெர்னல்.

மூன்றாவது வகை தனி வீடு. அதுதான் விர்ச்சுவல் மெஷின். 'இல்லாத மெஷின்' என்று மச்சான் சொன்னாரே, அது. ஹைப்பர்வைசர் என்கிற ஒரு மேஸ்திரி, ஒரு நிஜ மெஷினைக் காட்டி, ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் 'இந்தாங்க, உங்களுக்கே உங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர்' என்று ஒரு பொய்க் கம்ப்யூட்டரைக் கொடுப்பார். அதற்குள் அவரவர் தங்கள் கெர்னலை ஏற்றிக்கொள்ள வேண்டியது. கூரை தனி, சுவர் தனி. ஆகவே செலவும் தனி. நாலு பேருக்கு நாலு கூரை என்றால் ஓடும் மரமும் நாலு மடங்குதானே. அதனால்தான் அந்த எட்டாயிரம்.

''லைன் வீட்டுலயும் பூட்டு இருக்குதுல்ல?'' என்றார் மச்சான்.

இருக்கிறது. அவருக்கே நடந்ததை அவருக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. பதினைந்து வருஷம் முன்னால் அந்த லைன் வீட்டில் ஒரு திருட்டு. நான்கு வீடுகளில் நகை, பணம், ஒரு மிக்ஸி. எந்தப் பூட்டும் உடையவில்லை, எந்த ஓடும் பிரியவில்லை. போலீஸ் வந்து மேலே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய ஓட்டு லைன் வீடுகளை நீங்கள் உள்ளே போய்ப் பார்த்திருந்தால் தெரியும். வீட்டுக்கு வீடு நடுவில் இருக்கிற சுவர் மோட்டு வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் கைமரமும் ரீப்பரும் ஓடும் பத்து வீட்டுக்கும் பொது. அடுத்த வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாசனையும் சீரியல் வசனமும் அந்த வழியாகத்தான் வரும். திருடன் வெளியிலிருந்து வரவில்லை. ஒரு வாரம் முன்னால் அட்வான்ஸ் கொடுத்து ஏழாவது வாசலுக்குக் குடிவந்தவன். தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரேறி, அந்தப் பக்கம் குதித்தான். அவ்வளவுதான்.

கன்டெய்னர் ஆபத்து என்று நிபுணர்கள் பேசுவது ஏறக்குறைய இந்தத் திருட்டைப் பற்றித்தான். வாசலில் வந்து நிற்கிற அந்நியனுக்குக் காவல் போடலாம். வாடகை கொடுத்து உள்ளே உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது?

இது கற்பனை பயம் இல்லை. 2016 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 'டர்ட்டி கவ்', அழுக்கு மாடு என்று செல்லப் பெயர். படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஃபைலில் எழுதிவிடலாம். அந்த ஓட்டை 2007லிருந்து, ஒன்பது வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. அதை வைத்து ஒரு கன்டெய்னருக்குள்ளிருந்து மொத்த மெஷினையும் பிடிக்கலாம் என்று சீக்கிரமே செய்து காட்டினார்கள். கூரையில் ஒரு ஓடு உடைந்தால் பத்து வீடும் நனையும்.

2019 பிப்ரவரியில் வந்தது இன்னும் விசேஷம். கன்டெய்னர்களை ஆரம்பித்துவைக்கிற 'ரன்-சி' என்ற புரோகிராமிலேயே கோளாறு. வீட்டுக்காரர் ஒரு வாசலுக்குள் எட்டிப் பார்க்க வருகிறார்; உள்ளே இருப்பவன் அவர் இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தை மாற்றிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வித்தை. 2024 ஜனவரியில் அதே 'ரன்-சி'யில் மறுபடி ஒன்று. இந்த முறை, கதவைச் சாத்தும்போது வெளியே இழுத்துக்கொள்ள வேண்டிய ஒரு ஏணியை மறந்து உள்ளேயே விட்டிருந்தார்கள். இரண்டுக்கும் உடனே பேட்ச் வந்தது. போட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

இதைக் கேட்டு 'அப்ப தனி வீடே உத்தமம்' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தனி வீட்டிலும் கதை உண்டு. 2015 மே மாதம் 'வெனம்' என்று ஒன்று வந்தது. விர்ச்சுவல் மெஷின்கள் பொய்க் கம்ப்யூட்டர்கள் என்றேன் அல்லவா? அந்தப் பொய்யை நிஜமாகக் காட்ட எல்லா பாகங்களையும் நடித்துக் காட்ட வேண்டும். ஃபிளாப்பி டிஸ்க் உட்பட. ஞாபகம் இருக்கிறதா ஃபிளாப்பி? அதை நடித்துக்காட்டும் பகுதியில் 2004லிருந்து ஒரு பிழை. அதன் வழியாக வீட்டை விட்டு வெளியே வந்து மொத்தக் காலனியையும் பிடிக்கலாம். யாருமே திறக்காத பரண் ஜன்னல். பதினோரு வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்திருக்கிறது.

2023 பிப்ரவரியில் வேறு ஒரு விபத்து. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்களின் ஹைப்பர்வைசரை வெளியிலிருந்தே தாக்கி, உள்ளே இருந்த விர்ச்சுவல் மெஷின்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது ஒரு கும்பல். பயன்படுத்திய ஓட்டைக்குப் பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இரண்டு வருஷமாகப் போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். வீடுகள் தனித்தனிதான். காலனி வாட்ச்மேன் ஒருவர்தானே!

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்றால், இல்லை. வித்தியாசம் ஓட்டைகளின் வாய்ப்பில் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 2025 தொடக்கத்தில் ஏறக்குறைய நாலு கோடி வரிகளைத் தொட்டுவிட்டது. அதில் பெரும்பகுதி பலவிதக் கருவிகளுக்கான டிரைவர்கள். இருந்தாலும் கூரை பெரிசு, 300 விண்ணப்ப வழிகள். தனி வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் பேசக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. பேசுகிற ஜன்னல் சின்னதாக இருந்தால் காவல் காப்பது சுலபம். மொத்த சங்கதியும் இவ்வளவுதான்.

பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். ஒரு மெஷினைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்க, ஐபிஎம் 1972லேயே விஎம்/370 என்று அறிவித்துவிட்டது. கன்டெய்னர் பரம்பரையின் மூதாதையர் 1979ல் யூனிக்ஸில் வந்த 'சி-ரூட்'. 2000த்தில் ஃப்ரீ-பிஎஸ்டிக்காரர்கள் அதை வளர்த்து 'ஜெயில்' என்று பெயரே வைத்தார்கள். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஒரு கருத்தரங்கில் ஐந்து நிமிஷம் பேசி 'டாக்கர்' என்பதைக் காட்டினார். அதன்பிறகு கன்டெய்னர் மயம். கூகுள் தன் சொந்த வேலைக்கு வாரத்துக்கு 200 கோடி கன்டெய்னர்களை ஆரம்பிப்பதாக 2014ல் அவர்களுடைய இன்ஜினீயர் ஒருவர் சொன்னார். ஆனால் அதே கூகுள் வெளியாருக்கு மெஷின் வாடகைக்கு விடும்போது கொடுத்தது விர்ச்சுவல் மெஷின். அமேசானும் 2006ல் தன் கிளவுட் வாடகையை ஆரம்பித்தபோது கொடுத்தது அதைத்தான். தன் குடும்பத்துக்குள் லைன் வீடு, அந்நியருக்குத் தனி வீடு.

இப்போது இரண்டுக்கும் நடுவே ஒன்று வந்திருக்கிறது. 2018 நவம்பரில் அமேசான் வெளியிட்ட 'ஃபயர்கிராக்கர்'. பெயர் பட்டாசு. குட்டி விர்ச்சுவல் மெஷின். ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் எழுந்துவிடும். தன் பங்குக்கு எடுத்துக்கொள்கிற மெமரி 5 எம்பிக்கும் குறைவு. ஃபிளாப்பி கிப்ளாப்பியெல்லாம் கிடையாது, தேவையான நாலு பாகத்தை மட்டும் நடித்துக்காட்டும். லைன் வீட்டு வாடகைக்குக் கிட்டத்தட்ட தனிக்கூரை.

லைன் வீட்டையும் பலப்படுத்தலாம். திருட்டுக்கு அப்புறம் மச்சானின் அப்பா செங்கல் வாங்கிவந்து ஒன்பது நடுச்சுவரையும் மோட்டு வரை ஏற்றினார். கன்டெய்னரிலும் அதற்கு வழி இருக்கிறது. டாக்கர் வழக்கமாகவே அந்த 300 விண்ணப்பங்களில் 44 வகையைத் தடுத்துவைக்கிறது. இன்னும் கூடத் தடுக்கலாம். உள்ளே இருக்கிற புரோகிராமுக்கு 'ரூட்' எனப்படும் சர்வாதிகாரத்தைக் கொடுக்காமல் ஓட்டலாம். அவசரத்துக்கு 'பிரிவிலேஜ்டு' என்று ஒரு கன்டெய்னரை ஓட்டுகிறவர்கள் உண்டு; குடித்தனக்காரர் கையில் வீட்டுக்காரரே ஏணியைக் கொடுப்பது அது. இதெல்லாம் போக, வாசற்கதவு என்று ஒன்றும் இருக்கிறது. 2018ல் டெஸ்லா கார் கம்பெனியின் கன்டெய்னர்களைக் கட்டி மேய்க்கிற திரை, பாஸ்வேர்டே இல்லாமல் இன்டர்நெட்டில் திறந்து கிடந்தது. எவனோ புகுந்து அவர்கள் செலவில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தான். எந்தச் சுவர் உசத்தி என்ற பட்டிமன்றமெல்லாம் கதவைச் சாத்தியவர்களுக்குத்தான்.

மச்சான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். பி.இ. படித்த மருமகன்கூடக் கேட்காத கேள்வி.

''வீடு தனியாவே இருக்கட்டும். நெலம் ஒண்ணுதானுங்களே?''

திருப்பூர்க்காரருக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் வேறு யாருக்குத் தோன்றும்? ஒவ்வொரு சாயப்பட்டறைக்கும் தனிக் காம்பவுண்டு இருந்தது, தனி கேட் இருந்தது. தண்ணீருக்கு காம்பவுண்டு இல்லை. நொய்யல் வழியாகவும் நிலத்துக்கு அடியிலும் போன உப்புத்தண்ணீர் எங்கேயோ இருந்த விவசாயியின் கிணற்றில் போய் ஏறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் நிலத்தடி நீர் ஞாபகம் வந்தது.

கம்ப்யூட்டரின் நிலத்தடி நீர் அதன் சிப். 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்று இரண்டு பூதங்கள் கிளம்பின. வேகமாக வேலை செய்வதற்காக சிப் முன்கூட்டியே ஊகித்துச் சில காரியங்களைச் செய்து வைக்கும். அந்த ஊகத்தின் மிச்சத்திலிருந்து அடுத்தவர் ரகசியத்தைக் கசிய வைக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மெல்ட்டவுனில் ஒரே கெர்னலைப் பங்கிட்ட கன்டெய்னர்கள் மாட்டின. முழுமையான விர்ச்சுவல் மெஷின்கள் பெரும்பாலும் தப்பின. ஆனால் அதே வருஷம் ஆகஸ்டில் வந்த இன்னொரு சிப் குறைபாடு தனி வீட்டுச் சுவரையும் தாண்டிக் கசிந்தது. மச்சான் கேட்டது சரி. நிலம் ஒன்றுதான். அதிலும் பயம் என்றால் சொந்த மெஷின் வாங்கி சொந்த அறையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அதற்கு பேட்ச் போடுவது யார், பேக்கப் எடுப்பது யார் என்று வேறு கேள்விகள் ஆரம்பிக்கும்.

நம் ஊரில் இதெல்லாம் எங்கே நடக்கிறது என்கிறீர்களா? 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல். நெட்வொர்க்கைச் சரியாகத் தடுத்துப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று அரசாங்கமே பாராளுமன்றத்தில் சொன்னது. நம் பாஷையில், நடுச்சுவர் மோட்டு வரை போகவில்லை. சீட்டு எழுதுவதிலிருந்து ரிப்போர்ட் வரை நாள்கணக்கில் கைவேலை. 2024 ஜூலை கடைசியில் சுமார் 300 சிறு பேங்குகளில், கூட்டுறவு பேங்கும் கிராம பேங்கும், யுபிஐ மாதிரி சேவைகள் நின்றுபோயின. அவையெல்லாம் தொழில்நுட்பத்துக்கு நம்பியிருந்தது ஒரே நிறுவனத்தை, சி-எட்ஜ். அங்கே ரான்சம்வேர் நுழைந்ததும், மற்ற இடங்களுக்குப் பரவாமல் இருக்க தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அந்த நிறுவனத்தையே தற்காலிகமாகத் துண்டித்து வைத்தது. இரண்டு சம்பவமும் கன்டெய்னரா, விர்ச்சுவல் மெஷினா என்ற சண்டை இல்லை. யாரோடு யார், எந்தக் கூரையின் கீழ் என்ற கேள்வி. சேலத்திலோ சேந்தமங்கலத்திலோ ஒரு பேங்கில் பணம் போட்டவர், தான் 300 வாசல் லைன் வீட்டில் குடியிருப்பது தெரிந்தா போட்டார்?

மருமகனை உட்காரவைத்து ஒரு காகிதத்தில் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஒன்று, என் கன்டெய்னர் ஓடுகிற மெஷினில் வேறு கம்பெனிக் கன்டெய்னர் இருக்கிறதா, அதாவது கெர்னல் பொதுவா? பொது இல்லை, எனக்கென்று ஒரு விர்ச்சுவல் மெஷின், அதற்குள் என் கன்டெய்னர்கள் என்றால் ரொம்ப சரி. இன்று பல இடங்களில் அப்படித்தான். இரண்டு, உள்ளே ஓடுவது ரூட் அதிகாரத்திலா? மூன்று, கெர்னலுக்கும் ஹைப்பர்வைசருக்கும் கடைசியாக பேட்ச் போட்ட தேதி என்ன? நான்கு, பேக்கப் வேறு கூரையின் கீழ் இருக்கிறதா? நீங்களும் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதல் கொட்டேஷன்காரருக்கு அப்போதே போன் போட்டான். அவர் பேசியது ஸ்பீக்கரில் கேட்டது. ''சார், கன்டெய்னர்னாலே செக்யூர்தான் சார்.'' மச்சான் என்னைப் பார்த்தார். அரை மணி முன்னால் அவர் சொன்னதையே வேறொருவர் வாயால் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

''சரி, இப்பிடிச் செய்யலாங்களா?'' என்றார். ''காஸ்டிங் ஷீட்டு, பையர் சமாசாரம், அதுக்கு அந்தத் தனி வீடு. சம்பளப் பட்டியலு இந்த 3,800லயே கெடக்கட்டும். அதுல என்னுங்க ரகசியம்?''

வியாபாரிக்கு அது நியாயமாகத்தான் தோன்றும். எனக்கு உடனே பதில் வரவில்லை. பதில் வாசலில் வந்து நின்றது. செக்கிங்கில் வேலை செய்கிற ஒரு பெண். லைன் வீட்டில் ஐந்தாவது வாசல், தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கையில் ஆதார் ஜெராக்ஸும் பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கமும். புது சாஃப்ட்வேருக்காக எல்லோரிடமும் மறுபடி கேட்டிருக்கிறார்கள்.

''போன வருசமும் குடுத்தேன், அதுக்கு முன்னாடியும் குடுத்தேன். அதெல்லாம் எங்கண்ணே போச்சு?'' என்று மருமகனிடம் கேட்டாள். சண்டைக்கு இல்லை, சும்மாதான் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தான். அவள் போய்விட்டாள். எங்கே போச்சு என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது.

தகவல் பாதுகாப்புக்கு 2023ல் ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்து படிப்படியாக அமலாகின்றன. அதன்படி பொறுப்பு, தகவலை வாங்கியவர் தலையில். சர்வர்காரர் தப்பு செய்தாலும் கேள்வி மச்சானிடம்தான் வரும். அபராதம் 250 கோடி வரை போகலாம். இதைச் சொன்னேன். மச்சான் பெரிசாக அசையவில்லை. சட்டங்களைப் பார்த்துப் பழகியவர்.

அப்புறம் கால்குலேட்டரை எடுத்தேன். ''எட்டாயிரத்துல 3,800 போனா 4,200. ஆளு 140. தலைக்கு மாசம் முப்பது ரூபாய்ங்க மச்சான். ஒரு டீ, ஒரு பஜ்ஜி. ஏழாவது வாசல் திருட்டுல மிக்ஸி போனது அஞ்சாவது வாசல்லதானே? உங்க வீட்ல இருந்து ஒண்ணும் போகலை. ஆனாலும் மாமா செங்கல் வாங்கினார்.''

மச்சான் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். லைன் வீட்டு முன்னால் யாரோ துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி, கொச்சிக்கோ எங்கேயோ, ஹாரன் அடித்துக்கொண்டு டோலை நோக்கிப் போனது.

''டீயும் பஜ்ஜியும் என்னைக்கும் கம்பெனிக் கணக்குதானுங்க மாப்ளே'' என்றார். மகனிடம் திரும்பி, ''அந்த ரெண்டாவது ஆளுக்குப் போனைப் போடு. சேஃப்டியான்னு கேக்காத, ஆமாம்பான். செவுரு மோட்டு வரைக்கும் போகுதான்னு கேளு.''